அசையாமல் நின்று பெயர் வாங்கிய நடிகர்!

காலடியில் துப்பாக்கி கிடக்கிறது. எதிரே கொள்ளைக்காரர்கள் சுடுகிறார்கள். துப்பாக்கியை எடுத்து வீசும்படி ஒருவன் கத்துகிறான். ஆனால், அந்தப் பெரியவர் குனியவில்லை. கல்லாக நிற்கிறார்.

ஏன்?

இது "ஷோலே" இந்திப் படத்தில் வரும் காட்சி. 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி அந்தப் படம் வெளிவந்தது. பெரியவர் "டாகூர்" ஆக நடித்தவர், சஞ்சீவ்குமார். அப்போது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை. "நவராத்திரி"யில் சிவாஜி கணேசன் ஏற்ற 9 வேடங்களையும் இந்தியில் நடித்தவர் இவரே.

"ஷோலே", அமெரிக்கக் "கௌபாய்" படங்களின் பாணியில் எடுத்த படம். குதிரை, துப்பாக்கி, பாறைக் குன்று எல்லாம் உண்டு. பெங்களூரை அடுத்த ராமநகரத்தில் படம் பிடித்தார்கள். பெரம்பலூர் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறைகள் புதிதாகத் தோன்றாது.

போர்வையின் ரகசியம்

டாகூர், முன்னாள் போலீஸ் அதிகாரி. கொள்ளைக்காரன் கப்பர்சிங்கை உயிருடன் பிடிக்க, இரண்டு திருடர்களை ஊருக்கு வரவழைக்கிறார். எப்போதும் போர்வை போர்த்தி இருக்கிறார்.

படத் தொடக்கத்தில் பழைய கதை ஒன்று வருகிறது. அதில் டாகூர் ரெயிலில் துப்பாக்கி ஏந்திச் சண்டை போடுகிறார். ஆகவே, போர்வையைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. கதை வசனம் எழுதிய சலீம்-ஜாவேத் செய்த தந்திரம் இது!

துப்பாக்கியை எடுக்காத டாகூர் மீது திருடர்களுக்குக் கோபம். நமக்கும் கோபம்தான். "இவர் கோழையோ?" என்று நினைக்கிறோம்.

அப்போதுதான் அவர் நடந்ததைச் சொல்கிறார். கப்பர்சிங் அவருடைய குடும்பத்தினரைச் சுட்டுக் கொன்றான். பழிவாங்க ஓடியவரைப் பிடித்துக் கட்டினான். வாளை ஓங்கினான்.

அந்த இடத்தில் படம் நிகழ்காலத்துக்குத் தாவுகிறது. காற்றில் போர்வை நழுவுகிறது. சட்டைக் கைகள் வெறுமையாக ஆடுகின்றன. இரு கைகளும் இல்லை!

எப்போது சொல்வது?

இந்த ரகசியத்தை முதலிலேயே சொல்லி இருந்தால், டாகூரைப் பார்த்துப் பரிதாபம் மட்டுமே வந்திருக்கும். கடைசியில் சொல்லி இருந்தால், அதற்குள் அவரை வெறுத்திருப்போம். ஏறக்குறையப் பாதிப் படத்தில் சொன்னார்கள். அசையாமல் நின்ற அந்த ஒரு காட்சி, அப்போதுதான் பெரிய நடிப்பாக நம் மனதில் எழுகிறது.

தெருக்கூத்து பார்த்த அரியலூர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். ராஜா வேடம் உடனே முகம் காட்டாது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடும். காக்க வைத்துத் திரையை விலக்கினால்தான் வேடத்துக்கு மதிப்பு. டாகூரின் போர்வையும் அப்படி ஒரு திரைதான்.

"ஷோலே"க்கு அப்போது "பிலிம்பேர்" பரிசு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதைப் பெற்றவர் நடிகர் அல்ல. காட்சிகளை வெட்டி ஒட்டி, எது எப்போது வர வேண்டும் என்று அளந்து வைத்த எடிட்டர், எம்.எஸ்.ஷிண்டே!