ஆலய வாசலில் இருந்து மதில் மேல் நடை வரை

ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குப் போய் வந்த கதையை எங்கள் ஆட்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். காரில் இரண்டு மணி நேரம் இருந்து போனோம், பூசை பார்த்தோம், அன்னதானம் சாப்பிட்டோம், திரும்ப இரண்டு மணி நேரம் இருந்து வந்தோம் என்பார்கள். 2002இல் ஊன்றொப்பில் அந்தப் பெரிய கோபுரத்தோடு ஆலயம் குடமுழுக்குக் கண்ட நாளில் இருந்து நாமும் அப்படித்தான் போய் வந்தோம். மற்றச் சனி ஞாயிறுகளும் இதற்குக் குறைந்தவை அல்ல. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலைவிழா என்று மண்டபக் கதிரையில் ஐந்து மணி நேரம் இருந்து, இரவு பத்து மணிக்குப் புரியாணி சாப்பிட்டு வீடு வருவோம்.

எங்கள் வட்டத்தில் ஓர் அண்ணருக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்த பிறகுதான் இதை யோசிக்கத் தொடங்கினோம். உணவகச் சமையலறையில் வேலை செய்பவர், மெலிந்த ஆள். "கிழமைக்கு எவ்வளவு நடக்கிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்க, "நாள் முழுக்க நிற்கிறேனே" என்றிருக்கிறார். நிற்பது நடையில் சேராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மெலிந்தவர்களுக்கு நீரிழிவு வராது என்ற நம்பிக்கையும் எங்களைப் பொறுத்தவரை பிழை. தெற்காசியர்களுக்கு ஐரோப்பியரை விடக் குறைந்த உடல் எடையிலேயே இந்த நோய் வருகிறது.

வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் ஓரளவு வேகமான நடை போன்ற உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதை ஒன்றிரண்டு நாட்களில் சேர்த்துச் செய்தாலும் பலன் உண்டு என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் "நடக்க வாங்கோ" என்று கூப்பிட்டால் யார் வருகிறார்கள்? பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். அதனால் ஆலயத்துக்குப் போகும் நாளிலேயே பக்கத்து ஊர் ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம்.

அந்த ஊர் சோஸ்ற். பெயர்ப்பலகையில் 'ஓ'வுக்குப் பின்னால் வரும் 'ஈ' எழுத்து 'ஓ'வை நீட்டத்தான், வாசிக்கத் தேவையில்லை. ஹம் நிலையத்தில் இருந்து பிராந்தியத் தொடரூந்தில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். 2023இல் அறிமுகமான டொச்லாண்ட் ரிக்கற் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் செலவு இல்லை. ஆலயத்தில் இருந்து காரில் என்றால் ஏறக்குறைய அரை மணி நேரம்.

சோஸ்ற் ஒரு காலத்தில் ஹன்சா வணிகக் கூட்டமைப்பின் பெரிய நகரங்களில் ஒன்று. 12ஆம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றிக் கட்டிய மதிலில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் நிற்கிறது. அதன் மேலேயே மரநிழலில் நடக்கலாம். ஆறுதலாகச் சுற்றி வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். இப்படியான பழைய ஊர்கள் கார் வருவதற்கு முன்பே, காலால் நடப்பவர்களுக்காகக் கட்டப்பட்டவை. மதிலுக்குள் எந்த இடமும் தூரம் இல்லை, "எவ்வளவு தூரம் இன்னும்?" என்று பிள்ளைகள் கேட்பதும் குறைவு.

பச்சை நிறக் கல்லால் கட்டிய தேவாலயங்கள் இங்கு பல. வீசன்கிர்ஹ தேவாலயத்தில் 1500ஆம் ஆண்டளவில் செய்த கண்ணாடி ஓவியம் ஒன்று இருக்கிறது. இயேசுவின் கடைசி இராப்போசனம்தான், ஆனால் மேசையில் இருப்பவை பன்றித் தலை, பன்றித் தொடை இறைச்சி, பியர், றை பாண்! அந்த ஊர்க்காரர் தங்கள் சாப்பாட்டையே வரைந்துவிட்டார்கள். எங்கள் ஆள் வரைந்திருந்தால் புட்டும் சம்பலும் இருந்திருக்கும்.

அந்தப் பாணைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பர்நிக்கல் என்னும் கறுப்புப் பாணுக்குப் பேர்போன ஊர் இது. உடைத்த றை தானியத்தைக் குறைந்தது 16 மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்துச் செய்கிறார்கள். வெள்ளைப் பாண் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஏறும் வேகத்துக்கு இதில் ஏறாது. முதல் கடியில் எமக்கும் பிடிக்கவில்லை. மெல்லிய துண்டில் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த நிலையம் பாட் சாசன்டோர்ப். 'பாட்' என்பதை ஆங்கிலமாக வாசித்து "கூடாத ஊருக்கா போகிறோம்?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். டொச் மொழியில் அது குளியல், அரசு அங்கீகரித்த சுகவாச ஊர் என்பதற்கான அடையாளம். இங்கே நிலத்தடி உப்புநீரை உயரமான முள்விறகுச் சுவரின் மேல் இருந்து ஒழுக விடுகிறார்கள். ஆனையிறவில் வெயில் செய்த வேலையை இங்கே காற்றும் முள்ளும் செய்தன: தண்ணீர் ஆவியாக, மிஞ்சும் உப்புநீர் கடினமாகும், பிறகு காய்ச்ச விறகு குறைவாகப் போதும். இன்று உப்புக்காக அல்ல, மூச்சு எடுப்பதற்காகவே ஆட்கள் அதன் அருகே நடக்கிறார்கள். கடற்கரைக் காற்றுப் போல இருக்கும். ஆனால் இது சுகமான காற்று, மருந்து அல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் வழமையான பம்பை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

போவதற்கு முன் சில விடயங்கள். இன்சுலின் ஏற்றுபவர்களும் சில வகை நீரிழிவு மாத்திரைகள் எடுப்பவர்களும் நீண்ட நடையில் சீனி இறங்கி மயங்கக்கூடும். குளுக்கோஸ் வில்லைகளோ இனிப்புப் பானமோ கையில் இருக்கட்டும், வைத்தியரிடமும் முன்பே கேளுங்கள். காலில் விறைப்பு உள்ளவர்கள் புதுச் சப்பாத்துடன் கருங்கல் பதித்த தெருவில் இறங்க வேண்டாம். இரவில் பாதத்தைப் பாருங்கள், கொப்புளம் வந்தாலும் தெரியாமல் போகும். முழங்கால் நோ உள்ள அம்மம்மாமாருக்கு அந்தக் கல்தெருவை விட மதில் மேல் பாதையும் பாட் சாசன்டோர்ப் பூங்காவும் நல்லது. அன்னதானம் சாப்பிட்டவுடன் காரில் ஏறாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஆலய வீதியிலேயே நடந்தாலும் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும்.

35 வயது தாண்டியவர்களுக்குப் பொது மருத்துவக் காப்புறுதியில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு, இரத்தச் சீனியும் பார்ப்பார்கள். எங்கள் அண்ணருக்கு நோய் தெரிந்தது அதில்தான், அதுவும் மனைவி நேரம் எடுத்துக் கொடுத்ததால். அவருக்கு இப்போது சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாத்திரையும் எடுக்கிறார், நடையும் விடவில்லை. போன முறை மதிலில் எங்களுக்கு முன்னால் போய், படிக்கட்டடியில் தேத்தண்ணிப் போத்தலோடு காத்திருந்தார்.