கமரா அமரும் உயரம்

வீடியோப் படப்பிடிப்புப் பயிலும் மாணவரின் குறிப்பேடு எதனைப் புரட்டினாலும் இரண்டு விதிகள் தவறாது காணப்படும். கமராவைத் தாழ்த்தி மேல்நோக்கிப் பிடித்தால் பாத்திரம் வலிமை பெறும். உயர்த்திக் கீழ்நோக்கிப் பிடித்தால் சிறுமையுறும் என்பன அவை. பரீட்சைக்கு இவை போதும். படம் பிடிப்பதற்குப் போதுமா என்பதே என் ஐயம்.

தாழ்கோணம் என்றதும் பலரும் சுட்டுவது ஓர்சன் வெல்ஸ் 1941இல் நெறிப்படுத்திய 'சிற்றிசன் கேன்' படத்தையே. அதன் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட். கமராவைத் தரைமட்டத்துக்கும் கீழே இறக்குவதற்காகத் தளத்தையே வெட்டிக் குழி அமைத்தனர். மேல்நோக்கும்போது கூரை தெரியுமாதலின், துணியினால் கூரை கட்டி, ஒலிவாங்கிகளை அதன்மேல் மறைத்து வைத்தனர். இத்துணை பாடுபட்டுப் பிடித்த காட்சி யாது? தேர்தலிலே தோற்ற கேன், ஆளற்ற அலுவலகத்தில் நண்பன் லீலண்டிடம் கடுஞ்சொல் கேட்கும் காட்சி! கால்கள் தூண்களென எழுகின்றன; தலைக்குமேல் கூரை கவிந்து நிற்கிறது; மனிதனோ தோற்றவன். பேருருவும் பெருந்தோல்வியும் ஒரே சட்டகத்துள் அடைபட்டமையாலன்றோ நம் நெஞ்சு கனக்கிறது? விதியை மட்டும் அறிந்த மாணவன் இதனை மேலிருந்து பிடித்திருப்பான்.

அண்மைக் காட்சி, சேய்மைக் காட்சி என்பவற்றைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. முகம் ஒன்றே ஒரு படத்தைத் தாங்கவல்லது என்பதற்கு 1928இல் வெளிவந்த டிரையரின் 'ஜோன் ஒஃப் ஆர்க்' சான்று. நான் சொல்லவந்தது உயரத்தைப் பற்றி.

உயரம் வேறு, சாய்வு வேறு. ஜப்பானிய நெறியாளர் யசுஜிரோ ஓசுவும் கமராவைத் தாழ்த்தியே வைத்தார். ஆனால் அதனைப் பெரும்பாலும் நேராகவே நோக்கச் செய்தார். 50 மில்லிமீற்றர் வில்லையை விட்டு அவர் விலகியது அரிது. பாயில் அமர்ந்திருப்பவரின் பார்வை அது என்று விளக்குவோர் உளர். அவ்விளக்கம் எனக்கு முற்றும் உடன்பாடன்று. அலுவலகத்திலும் தெருவிலுங்கூட அவர் கமரா தாழ்ந்தே இருந்தது. அங்கே பாய் ஏது?

அவரது 'டோக்கியோ கதை' 1953இல் வந்தது. ஒனோமிச்சியிலிருந்து முதிய பெற்றோர் பிள்ளைகளைக் காண டோக்கியோ செல்கின்றனர். பிள்ளைகளுக்கோ நேரமில்லை, பெற்றோரை அட்டாமி என்னும் வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவிடுகின்றனர். அங்கே கடலோர மதிலில் அமர்ந்திருந்த தாய் எழும்போது தலைசுற்றித் தடுமாறுகிறாள். கமரா அவள் முகத்தை நோக்கிப் பாயவில்லை. படம் முழுவதிலும் அது அசைவதே மிக அருமை. மதிலும் கடலும் முதுமையும் சட்டகத்துள் அப்படியே இருக்கின்றன. பதறும் பொறுப்பு நம்முடையதாகிறது.

படத்தின் தொடக்கத்தில் கணவனும் மனைவியும் வீட்டிலே அமர்ந்து பயணத்துக்குப் பொருள்களை அடுக்குகின்றனர். அயல்வீட்டுப் பெண் சாளரத்தருகே நின்று பேசிச் செல்கிறாள். முடிவிலும் அதே வீடு, அதே சாளரம், அதே அயல்வீட்டுப் பெண். தாய் இறந்துவிட்டாள். தந்தை மட்டும் அமர்ந்திருக்கிறார். வேறொருவர் இவ்விடத்தில் அவர் கண்களை அண்மையிற் காட்டியிருப்பர். ஓசுவோ சட்டகத்தைச் சுருக்கவில்லை. முன்னர் மனைவி இருந்த பக்கம் வெறுமையாகத் தெரியும்படி விட்டிருக்கிறார்.