வண்டல் மண்ணும் ஆலைக் கழிவும்

கோடையில் ஏரிகள் வற்றியதும் வண்டல் வெட்டி வயலுக்கு அடிப்பது நைனார்பாளையம் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் அறிந்த வழக்கம். மணற்பாங்கான பூமிக்கு வண்டல் மிகவும் பிரயோஜனமானது. ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் சத்தைப் பிடிக்கும் அக்குணமே விஷத்தையும் பிடிக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாயப்பட்டறை, தோல் ஷாப்பு முதலியவற்றின் கழிவு ஆற்றில் கலக்குமாயின், அதிலுள்ள குரோமியம், காரீயம், காட்மியம் முதலிய உலோகங்கள் முழுவதும் ஜலத்தோடு ஓடிவிடுவதில்லை. நுண்ணிய களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு, நீரோட்டம் தணியும் அணையிலும் ஏரியிலும் படிகின்றன. இலைதழையைப்போல் இவை மக்கி அழிவதுமில்லை. ஆகையால் மேலே ஜலம் தெளிந்த பின்பும் அடியிலுள்ள வண்டல் பல வருஷங்கள் கெட்டே இருக்கக்கூடும்.

இதற்கு நொய்யல் ஆறு தக்க சாட்சியாகும். பாசனத்துக்கென்று கட்டி 1992-ம் வருஷத்தில் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கியபடியால், அந்த ஜலம் பயிருக்கு ஆகாதென்று விவசாயிகளே முறையிட நேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டார் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டனர். ஜப்பான் தேசத்தில் ஜின்ஸூ நதி வழியாகச் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்வயல்களில் படிந்தது. அவ்வரிசியை உண்டு வந்தவர்களுக்கு எலும்பு மெலிந்து முறியும் கொடிய வியாதி கண்டது. அக்காரணத்தை அந்நாட்டு அரசாங்கம் 1968-ல் ஒப்புக்கொண்டது.

இதனால் எல்லா வண்டலும் கெட்டதென்று கொள்ளலாகாது. மழைநீர் மட்டும் சேரும் ஏரியின் வண்டலுக்கு அச்சம் குறைவு. கீழ்க்கண்டவற்றை அனுசரித்தல் நலம்:

1. வண்டல் வெட்டுமுன் வரத்து வாய்க்காலை நெடுகப் பார்த்து, ஆலைக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ விழுகின்றதா என்று அறிக.

2. விழுமாயின், ஏரியின் ஐந்தாறு இடங்களில் மண் எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் அரைக்கிலோவைப் பரிசோதனைக்கு அனுப்புக.

3. சாதாரண மண் பரிசோதனை உப்பு, களர், சத்து இவற்றையே தெரிவிக்கும். உலோகங்களுக்குத் தனியே கேட்க வேண்டும்.

4. முடிவு தெரியும்வரை அவ்வண்டலை எந்த வயலிலும் பரப்பலாகாது. கீரை வகைகள் காட்மியத்தை எளிதில் இழுப்பவை; புளிப்பு நிலத்தில் அது இன்னும் அதிகமாகப் பயிரில் ஏறும்.

வண்டல் எடுக்க அனுமதி வழங்கும் உத்தியோகஸ்தர்களும் நீர்வரத்தை விசாரித்தல் அவசியம். வண்டியில் ஏற்றுமுன் விசாரிப்பது ஒரு நாள் வேலை. வயலில் உழுது கலந்தபின் விஷத்தைப் பிரித்தெடுப்பது குடியானவரால் ஆகாத காரியம்.