மாறியதை மட்டும் செய்!

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – கணிப்பொறியியல்)

ஒரு வேலையைச் செய்யத் தெரிந்திருப்பது திறமை. எந்த வேலையை இப்போது செய்ய வேண்டியதில்லை என்று தெரிந்திருப்பது அதனினும் பெரிய திறமை. கணிப்பொறிக்கு இந்த இரண்டாவது திறமையைக் கற்றுக்கொடுத்த ஒரு சிறு கருவியைப் பற்றியே இக்கட்டுரை. அதன் பெயர் 'மேக்'. 'செய்' என்பதே அப்பெயரின் பொருள்.

சென்ற பருவத்தில், மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதினேன். வாசித்தல், கணக்கிடுதல், அச்சிடுதல் என மூன்று மூலக் கோப்புகள். கம்பைலர் இவை ஒவ்வொன்றையும் பொறிமொழிக்கு மாற்றி ஓர் இடைநிலைக் கோப்பாக்கும். மூன்று இடைநிலைக் கோப்புகளையும் இணைத்தால் ஓடக்கூடிய நிரல் கிடைக்கும்.

சராசரி தவறாக வந்தது. இரவு அமர்ந்து கணக்குக் கோப்பில் பிழையைத் திருத்தினேன். மறுநாள் ஆய்வகத்தில் இணைத்து ஓட்டினால் அதே தவறான சராசரி! ஒரு மணி நேரம் வரிவரியாகத் தேடினேன். பிழை எதுவும் இல்லை. கடைசியில் ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, "திருத்தினாயே அம்மா, மறுபடியும் கம்பைல் செய்தாயா?" என்று கேட்டார். செய்யவில்லை. பழைய இடைநிலைக் கோப்பையே மீண்டும் இணைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இந்தப் படிப்பெல்லாம் நமக்கு வராது போலும் என்று அன்று பேருந்து இராஜபாளையம் வந்து சேரும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் ஒரு செய்தி அறிந்தேன். 1976-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு காலைப்பொழுது முழுவதும் சரியான நிரலில் பிழை தேடி வீணாக்கினார். அவரும் பிழையைத் திருத்திவிட்டு, மறுபடியும் கம்பைல் செய்ய மறந்திருந்தார். அவர் சாதாரண ஆள் அல்லர். 'யாக்' என்னும் புகழ்பெற்ற கருவியை ஆக்கியவர். அவர் நொந்துகொண்டதைக் கேட்ட உடன்பணியாளர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், அந்த வார இறுதியிலேயே எழுதிய கருவிதான் மேக். அதற்காக 2003-ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது அவருக்குக் கிடைத்தது. மறதி மேதைகளுக்கும் உண்டு என்றறிந்ததில் எனக்கு எவ்வளவு ஆறுதல்!

இக்கருவி வேலை செய்யும் விதத்தை நம் இரண்டு ஊர்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலை வாணலியில் ஊற்றி, சர்க்கரை சேர்த்து, கெட்டிப்படும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை கூடிவிட்டால் அந்த வாணலி அவ்வளவுதான். மறுபடியும் பாலிலிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி ஓட்டுவதும் இப்படித்தான். ஒரு வரி மாறினாலும் முதலிலிருந்து எல்லாம் நடக்கும். மூன்று கோப்புகள் என்றால் கவலையில்லை. மூவாயிரம் என்றால்?

இராஜபாளையம் நூற்பாலையின் முறை வேறு. புளோரூமில் பஞ்சு சுத்தமாகிறது. கார்டிங்கிலும் டிராயிங்கிலும் கயிறு போன்ற திரியாகிறது. சிம்ப்ளெக்ஸில் மெலிந்து பாபினில் ஏறுகிறது. ஸ்பின்னிங்கில் நூலாகிறது. கடைசியில் கோனாகச் சுற்றப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இடைநிலைப் பொருள் இருக்கிறது. ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தால் அந்த ஒரு கதிரில் ஒட்டினால் போதும். புளோரூமுக்கு யாரும் ஓடுவதில்லை. ஆனால் பஞ்சே மாறினால் அதற்கு அடுத்த கட்டங்கள் எல்லாம் மீண்டும் நடந்தாக வேண்டும்.

மேக் பின்பற்றுவது இந்த ஆலை முறையையே. எந்தப் பொருள் எவற்றைச் சார்ந்தது, அதைச் செய்யும் கட்டளை எது என்பவற்றை 'மேக்ஃபைல்' என்ற கோப்பில் எழுதிவைக்கிறோம்:

பட்டியல் : வாசிப்பு கணக்கு அச்சு
(டேப்) மூன்றையும் இணைக்கும் கட்டளை

முக்காற்புள்ளிக்கு முன்னால் இலக்கு; பின்னால் அது சார்ந்திருக்கும் பொருள்கள். 'மேக்' என்று கட்டளையிட்டதும் அது ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கிறது. இலக்கு இன்னும் உருவாகாதிருந்தாலோ, சார்ந்த பொருள் இலக்கைவிடப் புதியதாக இருந்தாலோ மட்டுமே கட்டளையை ஓட்டுகிறது. கணக்குக் கோப்பைத் திருத்தினால் அதை மட்டும் கம்பைல் செய்து, பின் மூன்றையும் இணைக்கும். எதுவும் மாறவில்லையென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்.

நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் விசையையே அழுத்த வேண்டும், இடைவெளி விட்டால் பிழை காட்டும். இது தொல்லை என்று ஃபெல்ட்மனும் விரைவிலேயே உணர்ந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பேருக்காக இன்று உலகமே டேப் அழுத்துகிறது!

என் தந்தை எட்டாம் வகுப்புவரை படித்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்கிறார். "என்னம்மா படிக்கிற?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டர்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வேன். இம்முறை மேற்சொன்னபடி ஆலையை வைத்தே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்:

"எல்லாம் சரிம்மா. நீ எழுதாம விட்டது ஒண்ணு மாறிட்டா அதுக்கு எப்படித் தெரியும்? அறுபதாம் நம்பர் பாபினை நாற்பது ஓடுற மிஷின்ல மாட்டிட்டா நூல் பாட்டுக்கு வந்துகிட்டேதான் இருக்கும். அதுக்குத்தான் நாங்க பாபினுக்குக் கலர் வெச்சிருக்கோம்."

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் சோதித்தேன். பாடங்களின் எண்ணிக்கை ஒரு தலைப்புக் கோப்பில் இருந்தது. அதை 5-லிருந்து 6 ஆக்கினேன். மேக்ஃபைலில் அந்தக் கோப்பின் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை என்றது மேக். பட்டியலில் ஐந்து பாடங்களே வந்தன. தந்தை சொன்னது அப்படியே நடந்தது! மேக்கின் மிகப் பெரிய குறை இதுதான்: எழுதிவைத்த சார்புகளை மட்டுமே அது அறியும். தலைப்புக் கோப்புகளின் சார்புப் பட்டியலைத் தானே எழுதித் தரும் வசதி இன்றைய சி கம்பைலர்களில் உண்டு என்பதை அதன்பிறகே தேடித் தெரிந்துகொண்டேன். அதுதான் தந்தை சொன்ன கலர்!

மேக் எளியது, ஆயினும் விரிந்து கொடுப்பது. 'சி கோப்பு எதுவாயினும் அதை இடைநிலைக் கோப்பாக்கும் வழி இது' என்று ஒரே பொதுவிதி எழுதினால் நூறு கோப்புகளுக்கும் போதும். ஒன்றையொன்று சாராத வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தவும் செய்யலாம். கட்டளை எதுவாகவும் இருக்கலாம். புத்தகம் அச்சுக்கோக்கவும் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸின் கருவையே மேக் கொண்டுதான் உருவாக்குகிறார்கள்.

இது நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அந்த அமைப்பு டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் ஒவ்வொரு மூலத் தொகுப்பிலும் 'ரூல்ஸ்' என்றொரு கோப்பு உண்டு. அது ஒரு மேக்ஃபைலே! என் அக்காவின் மடிக்கணினியில் அறியாமலே அதன் பயனை அனுபவித்திருக்கிறோம்.

நண்பர்களே, மூன்றாம் ஆண்டில் நாம் அனைவரும் திட்டப்பணி செய்யவிருக்கிறோம். நிரலின் முதல் வரியை எழுதும் அன்றே மேக்ஃபைலின் முதல் வரியையும் எழுதிவிடுங்கள். எது எதைச் சார்ந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் தாளில் வையுங்கள். எழுதி முடித்தபின், வீட்டில் வேலை தெரிந்த ஒருவருக்கு அதை விளக்கிப் பாருங்கள். நாம் எழுத மறந்த வரியை அவர்கள் சொல்லிவிடக்கூடும்.