அண்ணன் மறைத்த உண்மை

மருத்துவமனைப் படுக்கையில் தம்பி நினைவிழந்து கிடக்கிறான். இனி எல்லாம் இறைவன் கையில் என்கிறார் மருத்துவர். அண்ணனால் அதை ஏற்க இயலவில்லை. 'சூப்பர்நேச்சுரல்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒன்பதாம் பருவம் 2013 அக்டோபரில் இந்த நெருக்கடியோடு தொடங்கியது.

2005 முதல் 2020 வரை ஒளிபரப்பான இத்தொடர், பேய்களை வேட்டையாடும் டீன், சாம் என்னும் சகோதரர்களின் கதை. தம்பியைக் காப்பதே தன் கடமை என்று வளர்ந்தவன் டீன். அவனுடைய மன்றாட்டைக் கேட்டு வரும் வானதூதன் ஒருவன், சாமின் உடலுக்குள் புகுந்து உள்ளிருந்தே குணப்படுத்த முன்வருகிறான். ஆனால், உடலுக்கு உரியவர் சம்மதிக்காமல் எந்த வானதூதனும் உட்புக இயலாது என்பது அவ்வுலகின் விதி.

சாமோ தன் மனத்துக்குள் மரண தேவனிடம் பேசி, விடைபெற ஆயத்தமாகிவிட்டான். தன் பொருட்டு இனி எவரும் துன்புறலாகாது என்பதே அவன் வேண்டுகோள். அவ்வேளையில் வானதூதன் டீனின் உருவில் தோன்றி, பிழைக்க வழியுண்டு என்கிறான். அண்ணனை நம்பிச் சாம் சம்மதிக்கிறான். எதற்குச் சம்மதித்தோம் என்பதை மட்டும் அவன் அறியான்.

உயிர் பிழைக்கிறது, உண்மை மறைக்கப்படுகிறது. இடையிடையே நினைவு தப்புவதன் காரணம் புரியாமல் சாம் குழம்புகிறான். இறுதியில் அந்த வானதூதன் சாமின் கைகளாலேயே, சகோதரர்களின் நண்பனான கெவினைக் கொன்றுவிடுகிறான். பின்னர் உண்மை தெரிவிக்கப்பட்டதும், சாம் தன் மனவலிமையாலேயே அவனை வெளியேற்றுகிறான்.

டீன் தீயவன் அல்லன். அடுத்த பருவத்தில் டீனைக் காக்க அவனுக்குத் தெரியாமல் பெருந்தீங்கு விளைக்கும் வழியை நாடுபவன் இதே சாம்தான். அன்பும் அச்சமும் சேரும்போது எவரும் இவ்வாறு நடக்கக்கூடும்.

நம் மருத்துவமனைகளிலும் இவ்வன்பைக் காண்கிறோம். "அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று பிள்ளைகள் அறைக்கு வெளியே கெஞ்சுவதுண்டு. ஆனால் அழுது சிவந்த கண்களையும், தாம் வந்ததும் நின்றுபோகும் பேச்சையும் அந்தத் தாய் கவனிக்காமல் இருப்பாரா? உண்மையை மறைக்கும்போது அவர் தம் ஐயங்களைக் கேட்கவும், வலியைச் சொல்லவும், முடிக்க விரும்பும் காரியங்களை முடிக்கவும் வழியற்றுப் போகிறார்.

தெளிந்த நினைவுடன் இருக்கும் வயது வந்த நோயாளிக்காக, அவசர நிலை தவிர, மற்றவர் அளிக்கும் சம்மதம் போதாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கிய பின்பே சம்மதம் பெற வேண்டும் என்றும் அது கூறியது.

எனினும் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டுவதில்லை. "உங்கள் உடல்நிலையைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்?" என்று முதலில் அவரிடமே கேளுங்கள். "வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்" என்று அவர் கூறினால், அதுவும் அவர் எடுத்த முடிவே. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்கினால், மருத்துவரையோ செவிலியரையோ உடனிருக்கச் சொல்லுங்கள். அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டறிந்துகொண்டால், பின்னொரு நாள் அவருக்காக நீங்கள் முடிவெடுக்க நேர்ந்தாலும் தடுமாற்றம் குறையும்.