குளிர்கால நாட்களும் மூன்று வரி நாள்வழியும்

வியாபாரிகள் இரண்டு ஏடு வைத்திருப்பது பழைய வழக்கம். ஒன்று நாள்வழி, மற்றொன்று பேரேடு. அன்றன்றைய வரவு செலவை நடந்த வரிசையிலேயே எழுதுவது நாள்வழி. அதை ஆள் வாரியாக, இனம் வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. நாள்வழி ஒழுங்காக இருந்தால் பேரேட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நாள்வழி இல்லாமல் பேரேடு எழுதுகிறவன் கதைதான் எழுதுகிறான். காக்ஸ் டவுனில் முப்பத்தைந்து ஆண்டுகளாக மளிகை வியாபாரம் பார்க்கிறவன் நான். 'நம் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?' என்று யாராவது பெருமூச்சு விட்டால், அது பேரேட்டுக் கேள்வி, முதலில் நாள்வழியைக் கொண்டா என்று சொல்லத் தோன்றும்.

இப்படி வாழ்க்கைக்கே நாள்வழி எழுதிய தமிழ் வியாபாரி ஒருவர் நமக்கு இருக்கிறார். சென்னை பெரம்பூரில் 1709-ஆம் ஆண்டு பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பெனிக்குத் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளைதான் அவர். துணி, பாக்கு வியாபாரம், சொந்தக் கப்பல் எல்லாம் உண்டு. நள வருஷம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி, எழுத ஆரம்பித்தார். காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது, போனது, புதுமையாக நடந்தது என்று எழுதப்போவதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை, அதோடு ஐரோப்பியத் தேதி. பிறகு விஷயம். அவ்வளவுதான் முறை.

நமக்குக் கிடைத்துள்ள ஏடுகளில் இடைவெளிகள் உண்டு. ஆனாலும் கால் நூற்றாண்டு விடாமல் பிடித்த காரியம் அது. 1761 ஜனவரியில் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, 12-ஆம் தேதி அவர் காலமானார். 16-ஆம் தேதி ஊர் வீழ்ந்தது. அந்த ஏடுகள் அவர் வீட்டிலேயே கிடந்து, 1846-இல்தான் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்ணில் பட்டன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. சரித்திர ஆசிரியர்கள் அதில் துய்ப்ளேக்ஸின் அரசியலைத் தேடுகிறார்கள். அடியேன் ரசிப்பது வேறு. யார் யாரைப் பார்க்க வந்தார்கள், என்ன மரியாதை செய்தார்கள், எந்தச் சரக்கு எந்த விலை, யார் முகம் வாடியிருந்தது என்ற பகுதிகள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு சாதாரணக் கிழமை அங்கே உயிரோடு இருக்கிறது.

அவரோ பெரிய மனிதர், ராஜாங்க விஷயம் அறிந்தவர். நம் வீட்டில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் மார்த்தா பல்லார்டு என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை தினமும் சில வரிகள் எழுதினாள். பனி பெய்தது, ஆறு உறைந்தது, நூல் நூற்றேன், இன்னார் வீட்டில் பிரசவம் பார்த்தேன். இப்படி 816 பிரசவங்கள். ஆய்வாளர்கள் வெகுகாலம் அதை அற்ப விஷயம் என்று ஒதுக்கினார்கள். லாரல் உல்ரிக் என்ற பெண்மணி அந்த அற்ப விஷயங்களையே ஆதாரமாகக் கொண்டு 1990-இல் எழுதிய நூல் மறுவருஷம் புலிட்சர் பரிசு பெற்றது.

இது மன இயலார் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த டிங் சாங் முதலானோர் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிலரைப் பிப்ரவரியில் ஒரு சாதாரண நாளையும் காதலர் தினத்தையும் பற்றிக் குறித்துவைக்கச் சொல்லி, பிற்பாடு படிக்கக் கொடுத்தார்கள். விசேஷ நாள் இனிக்கும் என்பது அவர்கள் முன்பே எதிர்பார்த்ததுதான். சாதாரண நாளின் குறிப்பு தாங்கள் நினைத்திருந்ததைவிட அதிகமாகச் சுவைத்ததாம்.

இதற்கு எனக்கு ஆய்வு வேண்டியதில்லை. வந்தவாசிப் பக்கத்து ஊரில் கடை வைத்திருந்த என் தகப்பனாரின் நாள்வழிகள் என்னிடம் இருக்கின்றன. அக்கா கல்யாணத்தன்று 'வெல்லம் 2 மூட்டை, வீட்டுக்கு' என்று ஒரு வரி. அம்மா காலமான நாளில் 'கடை இல்லை' என்று இரண்டே சொல். அதற்கு முந்தைய நாள் துவரம்பருப்பு என்ன விலைக்குப் போனது என்று நான் இன்றும் சொல்வேன். அம்மா அன்று என்ன பேசினார்கள் என்று சொல்ல முடியாது. யாரும் எழுதவில்லை.

தொடங்குவதற்குக் குளிர்காலம் தோதானது. பெங்களூரின் மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரி 13-இல் பதிவான 7.8 டிகிரி. வடநாட்டார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் நமக்குக் குல்லா, மப்ளர் எல்லாம் வேண்டியிருக்கிறது. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அந்திக்கு முன் உண்பது எங்கள் ஜைன வீடுகளில் வழக்கம், ஆகையால் சாப்பாடும் சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு தூங்கும்வரை நீளமான பொழுது. ஒரு நாளும் மறுநாளும் ஒரே சாயலில் இருக்கும். எது எந்த நாள் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் மார்கழி, தை இரண்டும் கரைந்து போகும். எங்களில் பிரதிக்கிரமணம் என்று தினசரித் தன்னாய்வு ஒன்று உண்டு. அது வேறு, இது வேறு. இங்கே குற்றம் குறை தேட வேண்டாம். கண்டதை எழுதினால் போதும்.

மூன்று வரிக்கு மேல் வேண்டாம் என்பது என் அனுபவம். ஒரு பக்கம் எழுதுகிறேன் என்று கிளம்பியவர்கள் பொங்கலைத் தாண்டியதில்லை. தேதி, கிழமை, வானம். வாங்கியது ஒன்று. யாராவது சொன்ன ஒரு பேச்சு, அவர்கள் சொன்னபடியே. 'மகிழ்ச்சியான நாள்' என்று மட்டும் எழுதாதீர்கள், அதைப் பத்து வருஷம் கழித்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. என் நோட்டில் உள்ளது இது: 'மார்கழி 12, சனி. விடியலில் பனி, வீலர் ரோட்டில் எதிர்சாரி தெரியவில்லை. அவரைக்காய் இரண்டு கிலோ. பேத்தி பிதுக்கம்பருப்பு எடுத்தாள், பாதி தரையில். "தாத்தா, இது வழுக்கிக்கிட்டு ஓடுது" என்றாள்.'

அந்தப் பேத்திக்குத் தமிழ் பேச வரும். எழுத இப்போதுதான் வருகிறது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு இதே நிலைமைதான். பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், ஹிந்தி. தப்பாகிவிடுமோ என்ற கூச்சத்தாலேயே தமிழ் எழுதுவதில்லை. அவர்களுக்குப் பிள்ளையவர்களைக் காட்டலாம். 'கும்பெனி', 'முசே' என்று புதுச்சேரியில் புழங்கிய அயல்சொற்களையெல்லாம் கலந்து, பேச்சுநடையிலேயே எழுதியவர் அவர். நம் பிள்ளைகள் 'ரொம்ப சளியா இருக்கு' என்பார்கள். கன்னடத்தில் அது குளிர், தமிழில் மூக்குச் சளி. ஊருக்குப் போனால் பாட்டி கஷாயம் வைத்துவிடுவாள்! அதையும் அப்படியே எழுதட்டும், திருத்த வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது இரவு ஏழரை மணிக்கு ஒரே நோட்டில் மேல்பாதி நான், கீழ்பாதி அவள். நேற்று அவள் எழுதியதில் 'பனி' என்பது 'பணி' ஆகியிருந்தது, தேதி மட்டும் என்னுடையதைவிடச் சரியாக இருந்தது.