வயிற்றுச் சத்திரசிகிச்சையின் பின்னான வலியும் விறைப்பு மருந்தும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

சத்திரசிகிச்சை வலியை மனிதகுலம் வென்ற நாளாக 1846 ஒக்டோபர் 16ஆம் திகதியை மருத்துவ வரலாற்று நூல்கள் குறிப்பது வழக்கம். அன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் ஆவியினால் நோயாளி ஒருவர் மயக்கப்பட்டு, அவரது கழுத்துக் கட்டி சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டது. எனினும் ஈதர் வென்றது கத்தி உடலிற் படும் வேளையின் வலியை மாத்திரமே. மயக்கம் தெளிந்தபின் நாட்கணக்கில் நோயாளியைப் பற்றிக்கொள்ளும் வலி, நெடுங்காலம் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதொன்றாகவே விடப்பட்டது. இவ்விரண்டாவது வலியைத் தடுக்கும் அறிவு எவ்வாறு உருவாயிற்று, உருவான அறிவு எல்லோரையும் சென்றடையாதது ஏன் என்னும் இரு வினாக்களையும் வயிற்றுச் சத்திரசிகிச்சையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொறுமை என்னும் கருத்துநிலை

ஈதரின் வருகைக்கு 37 ஆண்டுகளுக்கு முன்னர், 1809இல், கென்ரக்கி மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில் எஃப்ரெயிம் மக்டவல் என்ற வைத்தியர், ஜேன் கிறோபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து பெரியதொரு சூலகக் கட்டியை அகற்றினார். மயக்க மருந்தெதுவும் அன்றிருக்கவில்லை. அப்பெண் உயிர்பிழைத்து 1842 வரை வாழ்ந்தார். அவரது சகிப்பு பின்னாளில் வீரக்கதையாகப் போற்றப்பட்டது. ஆனால் 1817இல் மக்டவல் வெளியிட்ட அறிக்கை மூன்று நோயாளரைப் பற்றியது. ஏனைய இருவரும் கறுப்பினப் பெண்கள். அவர்களது சகிப்பைப் பற்றி வீரக்கதைகள் எழவில்லை. ஒருவரது வலி தியாகமாகவும் இன்னொருவரது வலி இயல்பாகவும் கொள்ளப்படும்போது, அங்கு தொழிற்படுவது உடலியல் அன்று, கருத்துநிலையே என்பது தெளிவு.

இது கடந்தகாலச் செய்தி என எண்ணுதல் தவறாகும். 2016இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வொன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்களுள்ளும் பயிற்சி வைத்தியர்களுள்ளும் ஏறத்தாழ அரைப்பங்கினர், கறுப்பினத்தோரின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்ந்நம்பிக்கைகளுள் ஒன்றையேனும் கொண்டிருந்தமை வெளிப்பட்டது. அத்தகையோர் கறுப்பின நோயாளரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர்.

2. வலியின் இரு பாதைகள்

வயிறு கீறப்படும்போது எழும் வலி ஒரு தன்மையதன்று. தோல், தசை, வயிற்றறையின் உட்புறச் சுவர் ஆகியவற்றிலிருந்து வரும் வலி கூரியது, இடஞ்சுட்டக்கூடியது. கீழ்மார்புப் பகுதி முள்ளந்தண்டு நரம்புகள் ஆறும் முதலாம் நாரி நரம்பும் அதனைப் பெரும்பாலும் கொண்டுசெல்கின்றன. குடல், கருப்பை போன்ற உள்ளுறுப்புகளிலிருந்து வரும் வலி வேறு நரம்புகளின் வழியே செல்வது, மங்கியது, இடஞ்சுட்ட முடியாதது. எமது பேச்சுவழக்கு இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்துள்ளது. 'குத்து', 'எரிவு', 'உளைவு', 'முறுக்கு' என நாம் வழங்கும் சொற்களுள் முன்னிரண்டும் முதலாவது வகைக்கும், பின்னிரண்டும் இரண்டாவது வகைக்கும் பெரிதும் பொருந்துவன. ஆகவே நோயாளியின் சொல் வெறும் முறைப்பாடன்று. அது மருத்துவச் சான்றுமாகும்.

இவ்வலி வெறும் துன்பமாக நின்றுவிடுவதுமில்லை. மேல்வயிற்றில் கீறப்பட்டவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்செடுக்கார். இருமிச் சளியை வெளியேற்றார். அதனால் சுவாசப்பையின் அடிப்பகுதி சுருங்கி நியுமோனியா தோன்றலாம். எழுந்து நடவாமையால் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். மோர்பின் போன்ற மருந்துகள் வலியைத் தணிப்பினும், அளவு மிகின் சுவாசத்தைத் தளர்த்துவன, குமட்டலைத் தருவன, குடலின் இயக்கத்தை மந்தமாக்குவன. முழு உடலையும் மயக்காது வலி செல்லும் பாதையை மட்டும் அடைக்கும் முறையின் சிறப்பு இதனாற் புலனாகும். மக்கள் 'விறைப்பு ஊசி' என்று கூறுவதன் விரிந்த வடிவமே அது.

3. கொக்கா இலையிலிருந்து ஹவானா வரை

இம்முறையின் மூலப்பொருள் அந்தீஸ் மலைத்தொடரிற் பிறந்தது. அங்குள்ள மக்கள் தொன்றுதொட்டு மென்றுவந்த கொக்கா இலையை, ஸ்பானிய ஆட்சியின் தொடக்கத்தில் திருச்சபையினர் சிலர் தடைசெய்ய முனைந்தனர். ஆயின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கங்களிற் பசியையும் களைப்பையும் மறந்து தொழிலாளர் உழைப்பதற்கு அவ்விலை உதவிற்று. ஆகவே வணிகப் பண்டமாக அது பெருகிற்று. உழைப்பைப் பிழிந்தெடுக்கப் பயன்பட்ட இலையிலிருந்து 1860இல் அல்பேர்ட் நீமன் என்ற ஜேர்மனியர் கொக்கேயினைப் பிரித்தெடுத்தார். 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் அதனைக் கொண்டு கண்ணை விறைக்கச் செய்தார். 1898இல் ஓகஸ்ட் பியர், முண்ணாணைச் சூழ்ந்த திரவத்தினுள் அதனைச் செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை விறைக்கச் செய்தார்.

அடுத்த படி அத்திரவத்தைத் தொடாது, அதனை மூடியுள்ள தடித்த உறைக்கு வெளியேயுள்ள இடைவெளியில் மருந்தைச் செலுத்துவதாகும். இதுவே 'எபிடூரல்' எனப்படுவது. ஸ்பானிய இராணுவ வைத்தியர் பிடெல் பாஹேஸ் நாரிப் பகுதியில் இதனைச் செய்து 43 நோயாளரின் அனுபவத்தை 1921இல் வெளியிட்டார். ஸ்பானிய மொழியில் வெளிவந்தமையால் அது பரவலான கவனத்தைப் பெறவில்லை. 1923இல் அவர் விபத்தில் இறந்தார். 1930களில் இம்முறை இத்தாலியரான டொக்லியொற்றியின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. அறிவுக்கு மொழி எல்லை இல்லை என்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். 1947இல் ஹவானாவில் மனுவேல் மார்த்தினேஸ் கூர்பெலோ அவ்விடைவெளியில் மெல்லிய குழாயொன்றை இருத்தி, மருந்தை மீண்டும் மீண்டும் செலுத்தும் வழியைக் காட்டினார். சத்திரசிகிச்சை முடிந்த பின்னரும் வலியைத் தொடர்ந்து தடுப்பதற்கு அக்குழாயே வழிவகுத்தது.

இவ்வளர்ச்சிக்கு விலை கொடுத்தோரும் உளர். அதே 1947இல் இங்கிலாந்தின் செஸ்ரர்பீல்ட் நகரில், ஒரே நாளில் முண்ணாண் ஊசி பெற்ற இரு தொழிலாளர் இடுப்பின்கீழ் நிரந்தரமாகச் செயலிழந்தனர். அவ்வாபத்து 1947இல் அறியப்பட்டிருக்கவில்லையாதலின் கவனயீனம் இல்லையென 1954இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அவர்களுக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. பிரித்தானியாவில் அம்முறை நீண்டகாலம் அஞ்சி ஒதுக்கப்பட்டது.

4. இன்றைய முறைகளும் அவற்றின் எல்லைகளும்

பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சையின் பின் மார்புப் பகுதியில் இடப்படும் எபிடூரல் குழாய், மேற்கூறிய இருவகை வலியையும் பெருமளவு தணிக்கவல்லது. 2002இல் வெளியான, 915 நோயாளரை உள்ளடக்கிய ஆய்வொன்று, அது இறப்பைக் குறைப்பதாகக் காணவில்லை. ஆயின் வலி தணிந்ததையும் சுவாசச் செயலிழப்புக் குறைந்ததையும் கண்டது. இரத்த அழுத்தம் வீழ்தல், சிறுநீர் தடைப்படல் என்பன இதன் தீங்குகள். அரிதாக முண்ணாணருகே இரத்தக் கட்டியோ சீழ்க்கட்டியோ தோன்றிக் கால்கள் செயலிழக்கவுங் கூடும். ஆகையால் நோயாளியை இரவும் பகலும் அவதானிக்கப் பயிற்சி பெற்ற தாதியர் இன்றியமையாதவர்.

இதற்கு மாற்றாக, வயிற்றுச் சுவரின் உட்புறத் தசைப் படைகள் இரண்டுக்கிடையே மருந்தைச் செலுத்தி அங்கு ஓடும் நரம்புகளை விறைக்கச் செய்யும் முறை 2001இல் விவரிக்கப்பட்டது. இன்று மீயொலிக் கருவியின் துணையுடன் ஊசியின் முனையைக் கண்ணாற் பார்த்தே இதனைச் செய்கின்றனர். இது சுவரின் வலியை மட்டுமே தடுக்கும். உள்ளுறுப்பின் உளைவைத் தடுக்காது. ஒருமுறை செலுத்தப்படின் சில மணித்தியாலங்களே பயன் தரும். மருந்தின் அளவு மீறின் வலிப்பும் இதயநிறுத்தமும் நேரலாம். சிசேரியன் பிரசவத்தில் முண்ணாண் ஊசியுடன் சிற்றளவு மோர்பின் சேர்க்கப்படின், ஏறத்தாழ ஒருநாள் வரை வலி தணியும். அவ்வேளை இத்தசையிடை ஊசியால் மேலதிக நன்மை அதிகமில்லை. மோர்பின் கொடுக்கப்படாதவிடத்து அது பெரிதும் உதவும். இவை எதுவும் இயலாதவிடத்து, சத்திரசிகிச்சையாளர் தையலிடுமுன் காயத்தின் ஓரங்களிலேயே விறைப்பு மருந்தைச் செலுத்தலாம்.

5. முடிவுரை

2017இல் வெளியான லான்செற் ஆணைக்குழுவின் அறிக்கைப்படி, 2010-2013 காலப்பகுதியில் உலகில் ஆண்டுதோறும் விநியோகிக்கப்பட்ட, மோர்பினுக்குச் சமமான 298.5 தொன் மருந்தில், மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 தொன் மாத்திரமே. இந்நிலையில் விறைப்பு மருந்துமுறைகள் வறிய நாடுகளுக்கே மிக வேண்டியவை. கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் கடந்த லிக்னோகெயின், பியூப்பிவெக்கெயின் ஆகிய மருந்துகள் அரிய பண்டங்களல்ல. அரியது மனித உழைப்பே: ஊசியிடப் பயின்ற கை, இரவில் இரத்த அழுத்தத்தை அளக்கும் தாதி, வலியைக் கேட்டு எழுதும் நேரம். ஒரு தாதி பெருந்தொகையான நோயாளரைப் பார்க்கவேண்டிய விடுதியில் எபிடூரல் குழாய் ஆபத்தானது. ஆகவே வைத்தியர் தகுந்த காரணத்துடனேயே அதனைத் தவிர்க்கிறார். நோயாளியோ பொறுத்துக்கொள்ளுமாறு கேட்கப்படுகிறார். இவ்வாறு ஆளணிப் பற்றாக்குறை பொறுமை என்னும் அறமாக உருமாற்றம் பெறுகிறது. தனிமனிதரின் இரக்கமின்மையை இதற்குக் காரணமாக்குதல் பிரச்சினையைத் திசைதிருப்புவதேயாகும்.

ஆகவே வலி நீக்கத்துக்கான கோரிக்கை, தாதியரின் தொகையையும் பயிற்சியையும் வேலைநேரத்தையும் பற்றிய கோரிக்கையிலிருந்து பிரிக்கவியலாதது. அதே வேளை, எல்லாம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. காயத்தில் விறைப்பு மருந்து செலுத்துதல், சிசேரியன் தாயின் முண்ணாண் ஊசியில் மோர்பின் சேர்த்துப் பின்னர் அவரது சுவாசத்தை அவதானித்தல், உடல்வெப்பத்தைக் குறிப்பது போன்றே வலியின் அளவையும் நோயாளியிடம் கேட்டுக் குறித்தல் ஆகியன, எபிடூரல் இயலாத விடுதியிலும் தொடங்கத்தக்கவை. அவ்வாறு குறிக்கப்படும் ஏடு இரவில் எத்தனை பேர் வலியுடன் கிடந்தனர் என்பதைக் காட்டும். மேலும் தாதியர் வேண்டுமென்னும் கோரிக்கைக்கு அதுவே ஆதாரமாகும்.